நினைவும் நிலைபேறும்
(புத்தாயிரம் ஆண்டையொட்டிப் பிரித்தானியாவில் நிகழ்ந்த சமூகப் பணிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

முன்னுரை

ஆண்டு நிறைவைக் கொண்டாடுவோர் எவரும் ஒரு வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர். கொண்டாட்டத்திற்கெனச் சேர்ந்த பொருளைக் கொண்டு எதனைச் செய்வது என்பதே அவ்வினா. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் முன்னும் இன்று அவ்வினா நிற்கிறது. கி.பி. 2000 நெருங்கியபோது, இதே வினா உலகின் பல அரசுகளின் முன் மிகப் பெரிய அளவில் எழுந்தது. அதற்குப் பிரித்தானியா கண்ட விடையையும், அவ்விடையைக் காலம் எவ்வாறு சோதித்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் இளங்கலை மாணவி. புத்தாயிரத்தின் நினைவாகக் கல்லூரி வளாகத்தில் மரக்கன்றுகள் நட்டோம். கல்வெட்டு ஒன்றும் பதிக்கப்பெற்றது. கோடை விடுமுறை கழிந்து திரும்பியபோது கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்து போயிருந்தன. விடுதிச் சமையற்கூடத்தின் நீர் வழிந்தோடிய பக்கத்தில் நின்ற இரண்டு மட்டும் தழைத்திருந்தன. நடுவதற்கு நாள் குறித்திருந்தோம். நீர் ஊற்றுவதற்கு ஆள் குறிக்கவில்லை. பிற்காலத்தில் பிரித்தானியப் புத்தாயிரப் பணிகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதெல்லாம் அக்கன்றுகளே நினைவுக்கு வந்தன.

ஆயிரம் என்பது மனிதன் வகுத்துக்கொண்ட கணக்கு. கிறித்துவ ஆண்டுக் கணக்கில் சுழியம் என்னும் ஆண்டு இல்லையாதலின், மூன்றாம் ஆயிரம் முறைப்படி 2001 சனவரி முதல் நாளன்றே தொடங்கிற்று. நம் திருவள்ளுவர் ஆண்டுக் கணக்கிலோ 2000 என்பது 2031. எனினும் மூன்று சுழியங்கள் ஒருங்கே தோன்றும் ஆண்டின் கவர்ச்சியை எந்த அரசாலும் தவிர்க்க இயலவில்லை.

முன்னோடி விழாக்கள்

பிரித்தானியா இத்தகைய விழாவிற்குப் புதியதன்று. 1851இல் இலண்டன் ஹைடு பூங்காவில் நடைபெற்ற பெருங்கண்காட்சியை அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். அதற்கென எழுந்த பளிங்கு மாளிகை பின்னர்ச் சிடன்ஹாமுக்கு மாற்றப்பெற்று, 1936 நவம்பரில் தீக்கிரையாயிற்று. ஆனால் அக்கண்காட்சி அழியவில்லை எனலாம். செலவு போக எஞ்சிய 1,86,000 பவுண்டைச் சிதறவிடாமல், இளவரசர் ஆல்பர்ட் தலைமையிலான அரசாணைக்குழு தெற்குக் கென்சிங்டனில் நிலம் வாங்கியது. அருங்காட்சியகங்களும் கல்வி நிறுவனங்களும் அந்நிலத்தில் எழுந்தன. 1891 முதல் அறிவியல் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகையும் வழங்கப்பெற்றது. நியூசிலாந்தின் ஊர்ப்புறத்தில் பிறந்த எர்னஸ்டு ரூதர்போர்டு 1895இல் கேம்பிரிட்சு சென்றது அவ்வுதவித்தொகையைக் கொண்டே. மாளிகை எரிந்த பின்னும் எஞ்சிய தொகை பயன் தந்துகொண்டிருந்தது என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

அதற்கு நூறாண்டுகள் கழித்து, 1951இல், போரின் இழப்புகளிலிருந்து மீண்டுகொண்டிருந்த நாட்டில் தொழிற்கட்சி அரசு 'பிரித்தானிய விழா'வை நடத்தியது. தேம்சு ஆற்றின் தென்கரையில் 365 அடி விட்டமுடைய 'கண்டுபிடிப்புக் குவிமாடம்' எழுப்பப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஆட்சி மாறியது. சர்ச்சில் அரசு பொறுப்பேற்றபின் குவிமாடம் இடித்துத் தள்ளப்பட்டது. இசையரங்கு மட்டும் நிலைபெற்றது. இசை நிகழ்ச்சி நடத்துவோரும் கேட்போரும் அதற்குத் தொடர்ந்து இருந்தமையே காரணமாகும்.

பரிசுச்சீட்டும் ஆணையமும்

புத்தாயிரப் பணிகளுக்கான நிதி நேரடி வரிப்பணத்திலிருந்து வரவில்லை. ஜான் மேஜர் தலைமையிலான அரசு 1993இல் தேசியப் பரிசுச்சீட்டுச் சட்டத்தை இயற்றியது. முதற் குலுக்கல் 1994 நவம்பர் 19இல் நடைபெற்றது. ஒரு பவுண்டுச் சீட்டில் 28 பென்சு பொதுநலப் பணிகளுக்கென ஒதுக்கப்பெற்றது. கலை, விளையாட்டு, மரபுச் செல்வம், அறப்பணி, புத்தாயிரம் ஆகிய ஐந்தும் அதனைச் சமமாகப் பகிர்ந்துகொண்டன. ஐந்தாவது பங்கை நிருவகிக்க அமைக்கப்பெற்றதே புத்தாயிர ஆணையம். ஒன்பதின்மர் கொண்ட அவ்வாணையத்தில் அமைச்சர்களும், எதிர்க்கட்சித் தலைவர் முன்மொழிந்த ஒருவரும் இடம்பெறச் சட்டம் வழிசெய்தது.

பரிசுச்சீட்டுப் பணத்தால் பொதுப்பணி நடத்துவது தமிழ்நாட்டிற்கும் அறிமுகமான வழியே. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசுப் பரிசுச்சீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்னும் தொடர் அக்காலத்தில் பரவலாக வழங்கியது. எளியோர் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு 2003இல் நம் மாநிலம் பரிசுச்சீட்டைத் தடைசெய்தது. பிரித்தானியாவிலும் இது ஏழைகள் மீது விதிக்கப்பட்ட மறைமுக வரி என்னும் கண்டனம் எழுந்தது. சீட்டு வாங்குவோர் ஒருசாரார், அதனால் எழும் மாளிகைகளில் உலவுவோர் மற்றொரு சாரார் எனில், அந்நிதியின் அறம் யாது என்னும் வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஆணையம் வகுத்த விதிகளுள் இரண்டு பின்விளைவுகளுக்குக் காரணமாயின. முதலாவது, இணைநிதி விதி. பொதுவாக ஒரு திட்டச் செலவில் ஏறத்தாழப் பாதியையே ஆணையம் தரும். எஞ்சியதை ஊராரோ நகராட்சியோ கொடையாளரோ திரட்ட வேண்டும். தாமே பொருள் திரட்டியதால் மக்கள் தம் திட்டத்தைத் தமதென்று கருதினர் என்பது இதன் நன்மை. பொருள் திரட்ட வல்ல ஊர்களுக்கே இது எளிது என்பது இதன் குறை. இரண்டாவது, பெரும்பகுதி நிதி கட்டடம் எழுப்புவதற்கே உரியது. அதனை நாள்தோறும் நடத்துவதற்கு உரியதன்று. திறப்பு விழாவிற்கு மறுநாள் முதல் ஆகும் செலவை நுழைவுக் கட்டணமும் உள்ளூர் முயற்சியும் தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இவ்வெதிர்பார்ப்பு பல இடங்களில் பொய்த்தது.

தனது வாழ்நாளில் ஆணையம் 200 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையை வழங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுமானத் திட்டங்கள் அதனால் உருவாயின. 2006இன் இறுதியில் ஆணையம் கலைக்கப்பெற்றது.

குவிமாடத்தின் கதை

புத்தாயிரப் பணி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கிரீனிச்சில் எழுந்த குவிமாடமே. எரிவாயு ஆலை இயங்கி மாசுபட்டுக் கிடந்த நிலத்தைத் தூய்மை செய்து, ரிச்சர்டு ரோஜர்சு குழுவினரின் வடிவமைப்பில் 365 மீட்டர் விட்டத்தில் அது அமைக்கப்பெற்றது. பன்னிரு தூண்கள் அதன் கூரையைத் தாங்கின. 1951இன் குவிமாடத்திற்கு 365 அடி; இதற்கு 365 மீட்டர்.

பழமைக் கட்சி ஆட்சியில் கருக்கொண்ட இத்திட்டத்தை, 1997இல் ஆட்சிக்கு வந்த டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசு தொடர முடிவுசெய்தது. உள்ளே எதைக் காட்டுவது என்பது தெளிவாகுமுன்பே அதன் புறத்தோற்றம் முடிவாகிவிட்டது எனலாம். ஓராண்டில் ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் வருவர் எனக் கணக்கிட்டனர். வந்தோர் ஏறத்தாழ 65 இலட்சம் பேர். தொடக்கத்தில் 39.9 கோடி பவுண்டு மானியம் என வரையறுக்கப்பட்ட பரிசுச்சீட்டு நிதி, 2000இல் மீண்டும் மீண்டும் அளிக்கப்பட்ட கூடுதல் தொகைகளால் 62.8 கோடியாக உயர்ந்தது. அவ்வாண்டின் கடைசி நாளன்று கண்காட்சி முடிவுற்றது. அதன்பின் அதனை என்ன செய்வது என்பதற்குப் பல ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை. 2007இல்தான் அது தனியார் நடத்தும் இசையரங்காக மறுபிறவி எடுத்தது.

அறுபத்தைந்து இலட்சம் என்பது சிறிய எண்ணிக்கையன்று. 1851இன் கண்காட்சிக்கு வந்தோரும் ஏறத்தாழ அவ்வளவினரே. 1851இல் விழா முடிந்தபோது கையில் மிச்சமும், அதற்குப் பொறுப்பான ஒரு குழுவும் இருந்தன. 2000இன் முடிவில் எஞ்சியவை வெறும் கட்டடமும் விற்பனைப் பேச்சுமே.

ஊர்தோறும் நிகழ்ந்த பணிகள்

குவிமாடம் பற்றிய ஆரவாரத்தில், நாடெங்கும் நிகழ்ந்த பணிகள் பலருடைய கண்ணுக்குப் புலப்படாமற் போயின. இலண்டனில் கைவிடப்பட்ட பேங்க்சைடு மின்நிலையம் ஆணையத்தின் 5 கோடி பவுண்டு உதவியுடன் 'டேட் மாடர்ன்' கலைக்கூடமாகி, 2000 மே மாதத்தில் திறக்கப்பெற்றது. அதனருகே தேம்சின் குறுக்கே அமைந்த நடைபாலம் அவ்வாண்டு சூன் 10இல் திறக்கப்பெற்று இரண்டே நாட்களில் மூடப்பட்டது. திரண்டு நடந்த மக்களின் காலடிகள் தம்மையறியாமலே ஒரு தாளத்திற்கு வர, பாலம் பக்கவாட்டில் அசையத் தொடங்கிற்று. அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்தப்பெற்று 2002 பிப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டது. நகைப்புக்கு இடமான அப்பாலத்தைத் திருத்தியமைக்க நிதியும் உழைப்பும் கிடைத்தமைக்குக் காரணம், அது மக்களுக்குத் தேவைப்பட்டதே.

ஸ்காட்லாந்தில் தூர்ந்து கிடந்த இரு கால்வாய்கள் மீட்கப்பெற்றன. அவற்றை இணைத்திருந்த பதினொரு மதகுத் தொட்டிகள் 1933இல் அகற்றப்பட்டிருந்தன. அவற்றுக்கு மாற்றாக, படகுகளை 24 மீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிடும் சுழல்சக்கரம் ஃபால்கிர்க்கில் 2002இல் திறக்கப்பட்டது. 'சஸ்ட்ரான்ஸ்' என வழங்கிய அறநிறுவனம் 4 கோடிக்கும் மேற்பட்ட பவுண்டு பெற்று நாடு தழுவிய மிதிவண்டிப் பாதைகளை அமைத்தது. 2000 சூன் மாதத்தில் முதல் 5,000 மைல் பாதை திறந்துவைக்கப்பட்டது. சிற்றூர்களின் பொதுக்கூடங்கள் புதுப்பிக்கப்பட்டன. தேவாலய மணிகள் செப்பனிடப்பட்டன. 'புத்தாயிரப் பசும்புல்வெளிகள்' என்னும் திட்டத்தில் ஏறத்தாழ 250 ஊர்கள் தமக்கெனப் பொதுவெளி பெற்றன. ஒவ்வொன்றையும் உள்ளூரார் அமைத்த அறக்கட்டளையே காத்துவர வேண்டும் என்பது விதி.

இவற்றுள் எல்லாம் வாழ்ந்தன அல்ல. டான்காசுட்டர் அருகே மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்க நிலத்தில் சுற்றுச்சூழல் கல்விக்கென எழுந்த 'புவி மையம்' 1999இல் திறக்கப்பெற்று, பார்வையாளர் போதாமையால் 2004இல் மூடப்பட்டது. வேலையிழந்து தவித்த சுரங்கத் தொழிலாளர் ஊர்களுக்கு அது புதுவாழ்வு தரும் என்று நம்பியிருந்தனர். ஸ்காட்லாந்தின் இர்வைனில் 2000இல் திறந்த 'பெருஞ்சிந்தனை' என்னும் கண்டுபிடிப்புக் கூடம் 2003இலேயே கதவடைத்தது. மிதிவண்டிப் பாதைகளில் ஏறத்தாழப் பாதி குறைபாடுடையன என 2018இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2020இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி வலையமைப்பிலிருந்து விலக்கப்பட்டது. பசும்புல்வெளிகளிலோ, தொடக்கத்தில் ஆர்வத்துடன் முன்வந்த அறங்காவலர்கள் முதுமையடைந்தனர். புல் வெட்டும் கூலிக்கும் காப்பீட்டுக்கும் பொருள் தேடுவதும், அடுத்த தலைமுறையினரைத் தேடுவதும் பல ஊர்களில் பெருங்கவலையாயின. எனினும் இவை வீணாயின என்று கூறுவது பிழை. குறைபாட்டைத் தாமே கணக்கிட்டு வெளியிட ஓர் அமைப்பும், கவலைப்பட ஒரு சிலரும் இருந்தமையால்தான் அவை நிலைத்தன.

விதைக்கும் மனிதர்க்கும் அளித்த நிதி

இப்பணிகளுள் இரண்டைத் தனியே சுட்டுதல் வேண்டும். ஒன்று, கியூ தாவரவியல் தோட்டத்தின் சார்பில் சசெக்சு மாவட்டத்து வேக்கர்சுட்டில் 2000இல் திறக்கப்பெற்ற புத்தாயிர விதை வங்கி. ஆணையம் ஏறத்தாழ 3 கோடி பவுண்டு அளித்தது. உலகெங்கும் உள்ள காட்டுத் தாவரங்களின் விதைகள் உலர்த்தப்பட்டு, சுழியத்திற்குக் கீழே 20 பாகை செல்சியசு குளிரில் காக்கப்படுகின்றன. உலகத் தாவர இனங்களில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துவிட வேண்டும் என்னும் இலக்கு 2009இல் எட்டப்பெற்றது. அவ்விலக்கை நிறைவுசெய்த விதை சீனத்துக் காட்டு வாழை ஒன்றனுடையது. விதை வங்கியில் பணி ஒருநாளும் முடிவதில்லை. சேர்த்த விதைகள் உயிருடன் உள்ளனவா என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முளைக்கவைத்துச் சோதித்தல் வேண்டும். 1759இல் தொடங்கிய ஒரு தோட்டத்தின் பழுத்த அனுபவமும் பணியாளரும் பின்னிருந்ததால் அது நடைபெற்றது.

மற்றொன்று, கட்டடமே இல்லாத திட்டம். தம் ஊருக்கு நன்மை செய்ய விரும்பும் தனிமனிதர்களுக்கு ஆணையம் சிறு தொகைகளை வழங்கியது. முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அவற்றைப் பெற்றனர். பணி முடியும் காலம் நெருங்கியபோது, அத்திட்டம் தன்னோடு முடிந்துவிடலாகாது எனக் கருதிய ஆணையம் 10 கோடி பவுண்டை நிலைநிதியாக ஒதுக்கியது. 'அன்லிமிடெட்' எனப் பெயர்பெற்ற அறநிறுவனம் அந்நிதியின் வருவாயைக் கொண்டு சமூகத் தொழில்முனைவோர்க்கு உதவத் தொடங்கிற்று. அம்முன்மாதிரியை ஏற்று 2007இல் இந்தியாவிலும் அதே பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. ஆரோவில்லை இருப்பிடமாகக் கொண்டு தமிழ்நாட்டிலும் ஒன்று செயற்பட்டது. குவிமாடத்திற்கு அளித்ததில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவான தொகை இது.

மதிப்பீடு

தமிழ்க் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதியதாகத் தோன்றாது. சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பியவர் விளக்கை மட்டும் கொடுத்துச் செல்லவில்லை. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் என இடையரிடம் ஒப்படைத்தனர். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டார். ஆடுகள் இறக்கும், பிறக்கும். எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. ஆதலின் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. விளக்கு, அதற்கு நெய், நெய்க்கு ஆடு, ஆட்டுக்குப் பொறுப்பாளர் என்னும் நான்கும் ஒரே கல்வெட்டில் எழுதப்பட்டன. கொடுத்தவர் பெயர் மட்டுமன்றி, காக்க வேண்டியவர் கடமையும் பொறிக்கப்பட்டது. எனினும் ஆடுகளும் இடையரும் மறைந்த பின் அவ்விளக்குகளும் அணைந்தன என்பதை மறத்தலாகாது. எந்த நிலைநிதியும் தானே தன்னைக் காத்துக்கொள்வதில்லை.

பிரித்தானியப் புத்தாயிரப் பணிகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஏற்கெனவே உயிர்ப்புடன் இயங்கிய நிறுவனத்தின் கையில் சேர்ந்த நிதி நிலைத்தது. மக்கள் தேவைக்கென எழுந்தவை பிழைபட்டபோதும் திருத்தப்பெற்றன. ஓர் ஆண்டின் பெருமைக்கென எழுந்தவையும், வருவோர் கட்டணத்தையே முற்றிலும் நம்பியவையும் தடுமாறின. ஆணையம் செய்த பிழை பெரிய கட்டடங்களை எழுப்பியதன்று. கட்டுவதற்குப் பாதியளித்துவிட்டு, நடத்துவதற்கு வழி கேட்காமற் போனதே.

முடிவுரை

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுப் பணிகள் இம்மலரின் பிற பக்கங்களில் பேசப்படுகின்றன. நிறைவு விழாவின் நினைவாக அரங்கமேடை, வளைவு, கல்வெட்டு என அன்பர்கள் பல கருத்துகளைக் கூறி வருகின்றனர். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் எளியேன் ஒரு விண்ணப்பத்தை முன்வைக்க விழைகிறேன். விழாச் செலவு போக எஞ்சும் தொகை, அது எத்துணைச் சிறியதாயினும், வங்கியில் நிலைவைப்பாக இடப்பெறுதல் வேண்டும். அதன் வட்டியில் ஆண்டுதோறும் நம் வாசகசாலைக்கு நூல்கள் வாங்கலாம். மாணவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரைக்குப் பரிசும் அளிக்கலாம். அவ்வைப்பின் கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் படிக்க வேண்டியவர் யார், அவர்க்குப் பின் யார் என்பதும் இவ்வாண்டே எழுதி வைக்கப்பெறுதல் வேண்டும்.

கல்வெட்டு வேண்டாம் என்பது என் கருத்தன்று. அமைப்பதாயின், கொடுத்தோர் பெயருக்குக் கீழே பொறுப்பேற்றோர் பெயருக்கும் சிறிது இடம் விட்டு அமைப்போம்.